வண்டி ஓடுதா, தங்கம்?

தங்கத்தின் புருஷனுக்குச் சத்தம் ஆகாது. கல்யாணமான மூன்றாம் நாளே அவள் இதைத் தெரிந்துகொண்டாள். ஏரலில் தாய்மாமன் வாங்கிப் போட்ட கொலுசோடு அவள் காபி கொண்டுபோனபோது, சிதம்பரநாதன் பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"சத்தம்."

அவளுக்கு விளங்கவில்லை. எங்கே சத்தம் என்று சுற்றிப் பார்த்தாள். அவர் அவள் காலைப் பார்த்தார். அன்றைக்குக் கழற்றிய கொலுசு அதற்கப்புறம் காலில் ஏறவேயில்லை.

நாற்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தைதான் சட்டம். வளையல் பாத்திரத்தில் பட்டால் சத்தம். முறுக்கைக் கடித்தால் சத்தம். தும்மினால் சத்தம். அவர் திட்டமாட்டார், கை ஓங்கமாட்டார். இருப்பதைச் சொல்ல வேண்டும் இல்லையா? அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு, அது நிற்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டேயிருப்பார், அவ்வளவுதான். மகன் அஸ்வின் பிறந்து இரண்டாம் மாதம் வயிற்று வலியால் ஓயாமல் அழுதான். "சத்தம்" என்றார். பச்சைப் பிள்ளைக்கு யார் அதை எடுத்துச் சொல்வது? பாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு தங்கம் பின்பக்கத்துக் கார் ஷெட்டுக்குப் போனாள். மூன்று மாதம் அங்கேதான் படுக்கை. ஐப்பசி மழையில் ஷெட்டு ஒழுகியது. கைக்கு எட்டுகிற தூரத்தில் கார் நின்றது. உள்ளே மெத்தை மாதிரிப் பின்சீட்டு. பூட்டியிருந்தது. சாவி கேட்டாள். ஈரத்துணி பட்டால் சீட்டுத் தோலில் பூஞ்சணம் பிடிக்கும் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் செய்த இங்கிலீஷ் வண்டி. கறுப்பு. தன் தி.நகர் ஜவுளிக்கடை இரண்டாவது மாடி ஏறிய வருஷம் சிதம்பரநாதன் அதை வாங்கி, அடையாறு காந்தி நகர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது. அந்த வண்டி ஓடும், ஆனால் ஓடுவது தெரியாது. ஊரில் எத்தனையோ பேர் பழைய கார் வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினது போல வரும். இது பூனை நடப்பது போல வரும்.

அதற்காகவே அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆயுத பூஜை அன்று மத்தியானம் கடைச் சிப்பந்திகள் அத்தனை பேரும் அடையாற்று வீட்டுக்கு வருவார்கள். காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எஞ்சினைக் கிளப்புவார். பிறகு தங்கத்தைப் பின்சீட்டில் உட்காரவைப்பார். வருஷத்துக்கு அந்த ஒருநாள்தான் அவள் அந்தச் சீட்டில் உட்காருவது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஜன்னலில் குனிந்து கேட்பார்.

"வண்டி ஓடுதா, தங்கம்?"

"தெரியலையே" என்று அவள் சொல்ல வேண்டும். சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் பானெட்டின் மேல் வைத்த டம்ளர் தண்ணீரைக் காட்டுவார். தண்ணீர் மெல்ல நடுங்கும். "ஓடுது. எங்க வீட்டம்மாவுக்குத்தான் தெரியலை" என்பார். மறுபடி சிரிப்பு. அப்புறம் சுண்டல்.

இரண்டாவது வருஷம் அவள் வெள்ளந்தியாக உள்ளதைச் சொல்லிவிட்டாள். "ஓடுதுங்க. சீட்டு லேசா அதிருதே." ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து தைப் பொங்கல் வரை அவர் அவளோடு பேசவில்லை. சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூடச் சமையல்காரரிடம்தான் சொல்லியனுப்புவார். மூன்றாவது வருஷத்திலிருந்து தங்கம் "தெரியலையே" என்றாள். நாற்பது வருஷத்துக்குமேல் அதையே சொன்னாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் சிரித்துக்கொண்டே அவளைப் பார்க்கிற பார்வை மட்டும் அவளுக்குப் பழகவேயில்லை.

போன தை மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. காது போகவில்லை. டாக்டர் கையைத் தட்டிப் பார்த்து, காது ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். தங்கம் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

இடது கையால் கட்டில் கம்பியை ஒருதடவை தட்டினால் ஆமாம், இரண்டு தடவை தட்டினால் வேண்டாம். இப்படி ஒரு ஏற்பாடு செய்தது தமிழ்நிலா. வேளச்சேரியிலிருந்து தினமும் காலையில் வந்து கைகால் பயிற்சி கொடுக்கிற பெண் அவள்.

மாசி மாதம் தங்கம் பாண்டி பஜாருக்குப் போய்க் கைக்கு ஒரு டஜனாகக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைமுறுக்கு தின்றாள். அவர் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். அவள் இன்னொரு முறுக்கை எடுத்தாள்.

"அம்மா, நீங்க அவரை வுட்டு நகர்றதே இல்ல. எல்லா வீட்லயும் இப்படி இருக்க மாட்டாங்க" என்றாள் தமிழ்நிலா.

"எங்கம்மா போவேன், நாற்பத்தெட்டு வருஷம் ஆச்சு" என்றாள் தங்கம்.

ஆனால் வளையலும் முறுக்கும் எத்தனை நாளைக்கு? சித்திரை வருவதற்குள் அவருக்குப் பழகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். தங்கத்துக்கு அது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

ஆடி மாதம் கார் நின்றது. அவர் படுத்த பிறகு, பேட்டரி செத்துவிடும் என்று டிரைவர் முருகன் வாரத்துக்கு ஒருமுறை ஷெட்டில் வைத்தே எஞ்சினைக் கிளப்புவான். அன்றைக்கு எலும்பை மென்றது போல ஒரு சத்தம், அதோடு நின்றுவிட்டது. மீர்சாகிப்பேட்டையிலிருந்து ஹபீபுர் ரஹ்மானைக் கூப்பிட்டார்கள். அந்த வண்டியை முப்பத்தோரு வருஷமாகத் தொட்டுவருகிறவர் அவர் ஒருத்தர்தான். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. என்ன உடைந்தாலும் அதைத் துடைத்து, வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவார். மேஜையில் வைக்கமாட்டார், வேறு யாரிடமும் கொடுக்கமாட்டார்.

அன்றைக்கும் மாடிக்கு வந்து, சாஸர் அளவு இருந்த ஒரு பல்சக்கரத்தைச் சிதம்பரநாதனின் இடது கையில் வைத்தார். காபி நிறம். ஓரத்தில் ஏழு பல் இல்லை. சிதம்பரநாதன் கட்டைவிரலால் அந்த ஏழு பல் இடத்தையும் ஒவ்வொன்றாகத் தடவினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

தங்கம் கதவோரம் நின்று பார்த்தாள். அவருடைய அம்மா செத்தபோது அவர் அழவில்லை. அஸ்வினுக்கு மூளைக்காய்ச்சல் வந்து பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தபோது அழவில்லை. உடைந்த பல்லுக்கு அழுகிறார்.

"டைமிங் கியர்மா" என்றார் ஹபீபுர் ரஹ்மான். "எஞ்சின் மூஞ்சில ரெண்டு சக்கரம் கீது. சின்னது இரும்பு, பெருசு இது. சின்னது ரெண்டு சுத்து சுத்தினா பெருசு ஒரு சுத்து சுத்தும். எப்ப மூச்சு இழுக்கணும், எப்ப வுடணும்னு எஞ்சினுக்குச் சொல்றதே இந்த ஜோடிதான்."

"இரும்பு மாதிரித் தெரியலையே பாய்?"

"ஃபைபர். துணிய அடுக்கடுக்கா வெச்சு, பிசின் ஊத்தி, அமுக்கி எடுத்தது. இரும்பு துணி மேல உருண்டா சத்தம் எங்கேந்து வரும்? நம்ம வண்டி இத்தினி வருஷம் ஊமையா ஓடினதே..." சொல்லிக்கொண்டே வந்தவர் கட்டிலைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

துணியா, என்று நினைத்தாள் தங்கம். நாற்பது வருஷம் அவளைக் கேலிக்கு உட்காரவைத்தது வெறும் துணி.

"வேற எதுலயும் செய்வாங்களா?"

"அலுமினியத்துல கீது. தலைமுறைக்கும் உடையாது. ஆனா கத்தும்."

"எவ்வளவு கத்தும்?"

ஹபீபுர் ரஹ்மான் அவளைத் திரும்பிப் பார்த்தார். வண்டிக்காரர்கள் இதுவரை அவரிடம் கேட்காத கேள்வி.

"ரெண்டு சக்கரத்தையும் சேத்து மாத்தினா ரொம்ப இருக்காதும்மா. பழைய சின்னதோட புதுப் பெருச மட்டும் போட்டா, தெருமுனை வரைக்கும் கேக்கும். ஃபைபர்னா பரவால்ல, துணிதானே, இரும்பு சொல்றபடி கேட்டுக்கும். அலுமினியம் கேக்காது. ரெண்டும் பல்லக் கடிச்சுக்கினே கெடக்கும்."

"ரெண்டையும் கொண்டாங்க பாய். பாத்துட்டுச் சொல்லுதேன்."

பதினைந்து நாள் கழித்து அவர் வந்தார். ஃபைபர் சக்கரத்தைக் கோயம்புத்தூரில் ஒருவரிடம் சொல்லி வரவழைத்திருந்தார். அலுமினியத்தை மீர்சாகிப்பேட்டையிலேயே வெட்டியிருந்தார்கள். பனியன் துணியை விரித்து, இரண்டையும் கட்டில் மேல், சிதம்பரநாதன் பார்க்கிற மாதிரி வைத்தார். தங்கம் குனிந்து இரண்டையும் நகத்தால் சுண்டிப் பார்த்தாள். ஃபைபர் தொப்பென்றது. அலுமினியம் ணங்கென்றது. ணங்கென்ற சத்தத்துக்குச் சிதம்பரநாதனின் இமை துடித்தது. தங்கம் இன்னொருதரம் சுண்டினாள்.

"நைனா, உங்க வண்டி. நீங்க சொல்லுங்க, எது?" என்று ஹபீபுர் ரஹ்மான் அவரிடம்தான் கேட்டார்.

இடது கை மெதுவாக நகர்ந்து ஃபைபர் சக்கரத்தின் மேல் விழுந்தது. விரல்கள் மூடிக்கொண்டன. ஒரே பிடி. செத்த கையிலிருந்து போன பலமெல்லாம் அந்தக் கைக்கு வந்துவிட்டது போல.

"ரைட்டு" என்றார் ஹபீபுர் ரஹ்மான். அவருக்கும் சந்தோஷம்.

"அலுமினியத்தப் போடுங்க பாய்" என்றாள் தங்கம்.

"நைனா கை வெச்சது வேறமா."

"உங்களுக்கு ஃபோன் பண்ணினது யாரு?"

"நீங்க."

"போடச் சொல்லுததும் நான்தான். சின்னதை மாத்த வேண்டாம். பழசே இருக்கட்டும்."

கட்டில் கம்பி டிங் டிங் என்றது. இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. சக்கரத்தை விட்டுவிட்டால் போய்விடும் என்று, சக்கரத்தாலேயே கம்பியைத் தட்டினார். தங்கம் கட்டிலில் உட்கார்ந்தாள். சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவசரப்படவில்லை. ஒரு விரலைப் பிரித்து அடுத்ததற்குப் போனால் முதல் விரல் மறுபடி மூடிக்கொள்ளும். அதை மறுபடி பிரித்தாள். கண்ணாடி வளையல் கலகலவென்று அவர் காதுக்குப் பக்கத்தில் சத்தம் போட்டது. ஹபீபுர் ரஹ்மான் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கட்டைவிரல். சக்கரம் அவள் கைக்கு வந்துவிட்டது.

"இத நான் எடுத்துக்கினு போறேன்மா. வேற யாருக்காச்சும் ஆவும்."

"இல்ல பாய். இதுவும் இங்கதான் இருக்கட்டும்" என்று அதை அவர் கண்ணுக்கு நேரே டி.வி. ஸ்டாண்டில் சாய்த்து வைத்தாள்.

மாட்டுகிற அன்று தங்கம் ஷெட்டுக்குப் போய் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஹபீபுர் ரஹ்மான் தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கொடுத்து, எஞ்சினைக் கையால் சுற்றினார். தாள் அந்தப் பக்கம் மடிப்பு மடிப்பாக வந்தது. கிழியவில்லை.

"இது எதுக்கு பாய்?"

"இடைவெளி பாக்குறேன். மடங்கி வந்தா சரி. கிழிஞ்சா இறுக்கம்னு அர்த்தம். இறுக்கமா இருந்தா இன்னும் கத்தும், பல்லையும் தின்னுடும்."

"கிழியுத மாதிரி மாட்ட முடியாதா?"

அவர் நிமிர்ந்தார். நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, நானும் நாற்பது வருஷமா வண்டி பாக்குறேன். கத்தறத நிறுத்துன்னு கேட்டு வருவாங்க. கத்த வைன்னு நீங்கதான் கேக்குறீங்க. அந்த வேலை எனக்குத் தெரியாது. நான் ஒழுங்காதான் மாட்டுவேன். பழசும் புதுசும் ஒண்ணா சேந்து அதுவா கத்தினா, அது என் பேர்ல வராது."

"நீங்க ஒழுங்காவே மாட்டுங்க. கத்துததை அது பாத்துக்கிடும்."

அது பார்த்துக்கொண்டது. முருகன் சாவியைத் திருப்பினதும், தூரத்தில் கிரைண்டர் ஓடுகிற மாதிரி ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க, ரம்பத்தைத் தகரத்தில் வைத்து இழுப்பது போல, கேட்கிறவர்களுக்குப் பல் கூசுகிற ஒரு ஊளையாக ஏறியது. எதிர்வீட்டு நாய் எழுந்து உள்ளே போய்விட்டது. ஹபீபுர் ரஹ்மான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு, டீ குடிக்காமல் கிளம்பினார்.

தங்கம் காரை ஷெட்டிலிருந்து எடுத்து, மாடி ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தச் சொன்னாள். தினமும் காலை பத்து மணிக்குப் பத்து நிமிஷம். நன்றாக மிதிக்க வேண்டும்.

"எதுக்கும்மா தெனம்? வாரம் ஒருவாட்டி போதும்" என்றான் முருகன்.

"ஐயா கேக்கட்டும்டா. அவர் வண்டிதானே."

முதல் நாள் சிதம்பரநாதனின் முகம் முழுக்கக் கோணிக்கொண்டது. கை காதைப் பொத்தப் போனது. ஒரு கைதானே இருக்கிறது? இடது காதைப் பொத்தினால் வலது காது திறந்திருந்தது. கையை எடுத்துக் கம்பியைத் தட்டினார். இரண்டு தட்டு, இரண்டு தட்டு.

தங்கம் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினாள். "நாலு தட்டா? நாலு தடவை ஆமாங்கீங்க. சரி, நாளைக்கும் ஓடச் சொல்லுதேன்."

டி.வி. ஸ்டாண்டில் சாய்த்து வைத்திருந்த ஃபைபர் சக்கரத்தை அவர் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டுவிட்டு, ஒருநாள் அதை எடுத்துக் கட்டில் பக்கத்து ஸ்டூலில் போட்டாள். அவருக்குக் கொண்டுவருகிற சூடான பால் டம்ளருக்கு அது பிரிமணை ஆயிற்று. சரியான அளவு. டம்ளரை அதன்மேல் வைத்தால் சத்தமே கேட்காது.

இப்படி ஆடி போய், ஆவணி போய், புரட்டாசி வந்தது. தங்கம் ஒரே ஒரு நாளுக்காகக் காத்திருந்தாள். ஆயுத பூஜைக்கு அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, நாற்பது பேருக்கு முன்னால் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்க வேண்டும். பேச வராவிட்டால் என்ன, தட்ட வருமே. ஒரு தட்டுத் தட்டினால் ஓடுகிறது, அது ஊரைக் கூட்டுகிறது என்று அவரே ஒத்துக்கொண்டதாகும். இரண்டு தட்டுத் தட்டினால் நாற்பது வருஷம் அவள் சொன்ன பொய்யை அவர் சொன்னதாகும். எதுவானாலும் சரி. சிரிப்பு அவருக்கு.

அன்றைக்கு எல்லாம் வழக்கப்படி நடந்தது. மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம். கடையை இப்போது பார்த்துக்கொள்கிற அஸ்வின் வேளச்சேரி வீட்டிலிருந்து வந்திருந்தான். தமிழ்நிலாவும் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு சிப்பந்திகள் முதலாளியைத் தூக்கிவந்து பின்சீட்டில் உட்காரவைத்து, சாயாமல் இருக்கத் தலையணை கொடுத்தார்கள். பானெட்டின் மேல் டம்ளர் தண்ணீரை வைத்தது தங்கம்தான். முருகன் எஞ்சினைக் கிளப்பினான்.

ஊளை எழுந்தது. சிப்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டம்ளர் பானெட்டின் மேலேயே நகர்ந்துபோய் விழுந்து உருண்டது.

"என்னம்மா இது, வண்டி இப்படிக் கத்துது?" என்றான் அஸ்வின்.

"இரு, உங்க அப்பாகிட்டயே கேப்போம்."

தங்கம் ஜன்னலில் குனிந்தாள். அவர் குனிகிற அதே மாதிரி, ஒரு கையை மேல்தகட்டில் ஊன்றிக் குனிந்தாள். இந்த இடத்துக்கு வந்ததும் என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை அவள் புரட்டாசி முழுக்க யோசித்து வைத்திருந்தாள். நாற்பத்தெட்டு வருஷத்தில் ரேஷன் கடையில்கூட அவள் வாய் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

"வண்டி ஓடுதா, சிதம்பரநாதன்?"

சிரிக்கப் போன பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். பழைய கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அஸ்வின் "அம்மா" என்று மெதுவாகச் சொன்னான். அவள் திரும்பவில்லை. அவருடைய கையையே பார்த்தாள். கை கதவின் மேல் இருந்தது. விரல் எழவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றால்தான் விடுவேன் என்கிற அந்தப் பழைய பார்வை. உதடு ஒருபக்கமாக இழுத்தது. தொண்டையில் எதுவோ உருண்டது.

"சத்" என்றார். எச்சில் வழிந்தது. "சத்... தம்."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. அப்புறம் தமிழ்நிலா ஓடிவந்தாள். "பேசிட்டாரு. ஐயா பேசிட்டாருமா." கூட்டம் முழுக்கக் கைதட்டியது. கணக்கப்பிள்ளை அழுதார். அஸ்வின் காருக்குள் தலையை விட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டான். கடைப் பெண்கள் வந்து தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க பேர் சொல்லிக் கூப்பிட்டதுலதாம்மா அவருக்குப் பேச்சே வந்துச்சு" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

தங்கம் நின்றாள். இவ்வளவு பேரில் அந்த வார்த்தை யாருக்கு வந்தது என்று தெரிந்தது அவளுக்கும் அவருக்கும் மட்டும்தான். தினமும் பத்து நிமிஷம் அவள் அரைத்து அரைத்து அவர் வாயிலிருந்து எடுத்தது கடைசியில் அதைத்தான்.

சுண்டலை அஸ்வின்தான் கொடுத்தான். அவள் மாடிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவள் காபி கொண்டுபோனபோது வளையல் டம்ளரில் பட்டது. "சத்தம்" என்றார். மத்தியானம் முறுக்கைக் கடித்தாள். "சத்தம்" என்றார். ஒன்பது மாதம் அந்த வீட்டில் அந்த வார்த்தை இல்லாமல் இருந்தது. அந்த ஒன்பது மாதத்தின் அருமை அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் போனதும் தமிழ்நிலா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, இப்படிப்பட்டவங்கள்ல சில பேருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் திரும்ப வரும். அதுவே எல்லாத்துக்கும் வரும். தண்ணி வேணும்னு நெனப்பாங்க, வாய்ல அதுதான் வரும். பாத்ரூம் போணும்னு நெனப்பாங்க, அதுவேதான் வரும். அவர் உங்களைத் திட்டுறதா நெனச்சுக்காதீங்க. கண்ணைப் பாத்துப் புரிஞ்சுக்கணும்."

"எனக்குப் புரியும்மா" என்றாள் தங்கம். பொய் சொல்லவில்லை. எது திட்டுகிற சத்தம், எது தாகத்துச் சத்தம், எது புரட்டிப்போடச் சொல்லுகிற சத்தம் என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

ஐப்பசி முதல் வாரம் ஹபீபுர் ரஹ்மான் கூப்பிடாமலே வந்தார். மயிலாப்பூரில் ஒரு வேலையாக வந்தவர், அப்படியே எட்டிப் பார்த்தாராம். மணி பத்து. கீழே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பானெட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு மாடிக்கு வந்தார்.

"அம்மா, சத்தம் ஏறிக்கினே போவுது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு தின்னுக்கினு கீது. இன்னும் ரெண்டு மாசம் ஓடினா ரெண்டுமே மிஞ்சாது. அந்த ஃபைபரைக் குடுங்க. காசு வேணாம், நானே மாட்டித் தரேன். நைனாவும் பேச ஆரம்பிச்சுட்டாருன்னு சொன்னாங்க. அவரு சந்தோசப்படுவாரு."

தங்கம் ஸ்டூலைக் காட்டினாள். பால் டம்ளருக்கு அடியில் சக்கரம் இருந்தது. மேலே வட்ட வட்டமாகப் பால் கறை. பல் இடுக்குகளில் எறும்பு.

ஹபீபுர் ரஹ்மான் குனிந்து ஒரு எறும்பை விரலால் தட்டிவிட்டார்.

"அது பொருள்மா" என்றார்.

"பொருள்தான் பாய். நான் உபயோகமா வெச்சிருக்கேன்ல."

அவர் கட்டிலை ஒருமுறை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கேட்டை அவர் சாத்துகிற சத்தம்கூட மேலே கேட்கவில்லை. வண்டி அப்படிக் கத்தியது.

"சத்தம்" என்றார் சிதம்பரநாதன்.

தங்கம் திரும்பினாள். அவர் கண் ஜன்னல் பக்கம் இல்லை, அவள் வளையல் மேலும் இல்லை. ஸ்டூலில் இருந்தது. நாக்கு உதட்டைத் துழாவியது. காலையிலிருந்து அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. டம்ளர் அவர் கைக்கு ஒரு ஜாண் தூரத்தில் இருந்தது.

அவள் எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே குனிந்தாள்.

"முருகா, ஐயாவுக்குச் சத்தமா இருக்காம். வண்டிய நிறுத்துடா."

ஊளை இறங்கி நின்றது. வீடு முழுக்க அமைதி. தெருவில் இளநீர்க்காரர் பேசுவதுகூடக் கேட்டது. நாற்பத்தெட்டு வருஷமாக அவர் கேட்ட அமைதி.

"நிறுத்தியாச்சுங்க" என்றாள்.

"சத்தம்" என்றார் அவர். கண் டம்ளரை விட்டு அசையவில்லை. "சத்தம். சத்தம்."

தங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்து, வளையல் சின்னதாகக்கூடச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாள். பால் மேல் ஆடை கட்ட ஆரம்பித்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றாள்.